ஒட்டாத சட்டி: வாங்குவதும் பேணுவதும்

திருப்புறம், பாறசாலை, களியக்காவிளை பக்கத்து அடுக்களைகளில் பல சட்டிகள் உண்டு. மீன் குழம்புக்கு மண்சட்டி. வறுப்பதற்கு இரும்புச் சீனச்சட்டி. அப்பத்துக்கு அப்பச்சட்டி. தோசைக்குக் கனமான தோசைக்கல். இவற்றோடு இப்போது கறுப்பு நிறத்தில் ஒரு சட்டியும் சேர்ந்திருக்கிறது. இதில் முட்டை ஒட்டாது. தோசை ஒட்டாது. சாளை மீனைப் பொரித்தாலும் தோல் சட்டியோடு போகாது. எண்ணெயும் குறைவாகவே செலவாகும். கடைக்காரர்கள் இதை 'நான்ஸ்டிக்' என்கிறார்கள். 'ஒட்டாத சட்டி' என்று தமிழில் சொல்லலாம்.

இந்தச் சட்டிக்கு விலை அதிகம். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் கூலி. சில நேரம் இரண்டு நாள் கூலி. அப்படி வாங்கிய சட்டி பல வீடுகளில் ஓராண்டுகூட நிற்பதில்லை. கறுப்புப் பூச்சு உரிகிறது. உள்ளே வெள்ளை உலோகம் தெரிகிறது. "சட்டி மோசம்" என்கிறார்கள். சட்டி மோசமாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் காரணம் வேறு. பழைய சட்டிகளைத் தேய்த்த பழக்கத்திலேயே இதையும் தேய்க்கிறார்கள். பழைய சட்டிகளை எரித்த தீயிலேயே இதையும் வைக்கிறார்கள்.

இந்தச் சட்டியின் உயிர் அதன் பூச்சில் இருக்கிறது. பூச்சு போனால் சட்டி போயிற்று. இதைத் தெரிந்துகொண்டால் சட்டியைப் பார்த்து வாங்கலாம். நெடுநாள் வைத்திருக்கலாம். உடம்புக்கும் கேடு வராமல் காத்துக்கொள்ளலாம்.

அந்தக் கறுப்புப் பூச்சு என்ன?

இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக நடந்தது. 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம். ராய் பிளங்கெட் என்பவர் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். குளிர்சாதனப் பெட்டிகளுக்கான வாயுவைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவில்லை. அப்படியானால் உள்ளே ஏதோ இருக்கிறது. உருளையை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகுபோல் வழுவழுப்பான வெள்ளைத் தூள் இருந்தது.

அந்தத் தூளில் எதுவும் ஒட்டவில்லை. அமிலம் அதை அரிக்கவில்லை. பின்னர் 1945-இல் அதற்கு 'டெஃப்லான்' என்று வணிகப் பெயர் வைத்தார்கள்.

அது உடனே சமையலறைக்கு வரவில்லை. பிரான்சு நாட்டில் மார்க் கிரேகுவார் என்ற பொறியாளர் இருந்தார். தூண்டில் கருவிகள் சிக்காமல் இருக்க அவர் இந்தப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்தார். "அதை என் சட்டியில் பூசினால் என்ன?" என்று அவருடைய மனைவி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1954-இல் ஒட்டாத சட்டி பிறந்தது. 1956-இல் அதற்காக ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'டெஃபால்'. டெஃப்லான், அலுமினியம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தது அந்தப் பெயர்.

இந்தியாவில் இத்தகைய சட்டிகளை முதலில் பரப்பிய நிறுவனங்களில் 'நிர்லேப்' ஒன்று. அது 1968-இல் மராட்டிய மாநிலத்தின் அவுரங்காபாத்தில் தொடங்கியது. 'நிர்லேப்' என்றால் எதுவும் ஒட்டாதது என்று பொருள்.

ஒட்டாத பொருள் சட்டியில் எப்படி ஒட்டுகிறது?

கொத்தனார் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வழுவழுப்பான பழைய சுவரில் சாந்து நிற்காது. அதனால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுகிறார். சொரசொரப்பான இடத்தில் சாந்து பிடித்துக்கொள்கிறது.

சட்டியிலும் அதே வேலைதான். அலுமினியத்தின் மேல்பகுதியை முதலில் சொரசொரப்பாக்குகிறார்கள். அதன் மேல் பூச்சைத் தெளிக்கிறார்கள். பிறகு அதிகச் சூட்டில் சுடுகிறார்கள். பூச்சு சிறு பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் இந்தப் பூச்சு மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அதன் மேல் இரும்புக் கரண்டி உரசினால் என்ன ஆகும்? கீறல் விழும். கீறல் வழியே தண்ணீரும் எண்ணெயும் உப்பும் இறங்கும். அந்த இடத்திலிருந்து பூச்சு உரியத் தொடங்கும்.

எவ்வளவு சூடு தாங்கும்?

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். தோசையும் முட்டையும் அதற்குச் சற்று மேற்பட்ட சூட்டில் வேகும். இந்தச் சூட்டில் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும். 350 டிகிரியை எட்டினால் அதிலிருந்து நச்சுப் புகை அதிகமாக வரும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் இருமலும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது சரியாகும். கூண்டில் வளர்க்கும் பறவைகளோ இந்தப் புகையில் இறந்துவிடும். பறவைகளின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது.

"என் வீட்டு அடுப்பில் அவ்வளவு சூடு வருமா?" என்று கேட்கலாம். வரும். வெறும் சட்டியை முழுத் தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260 டிகிரியைத் தாண்டிவிடும். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவது பலருக்கும் பழக்கம். இந்தச் சட்டிக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒட்டாத சட்டிகளை 170 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஆபத்து உண்டு என்று அது எச்சரிக்கிறது. பூச்சு தேய்ந்தால் சட்டியை விட்டுவிடச் சொல்கிறது. மண்சட்டிதான் மிகவும் பாதுகாப்பானது என்றும் அது கூறுகிறது.

சூட்டை அளக்கக் கருவி வேண்டாம். தேங்காய் எண்ணெயே போதும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியில் புகையத் தொடங்கும். ஆகவே எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம் என்று பொருள். உடனே தீயைக் குறைக்க வேண்டும்.

விறகு அடுப்பில் இந்தச் சட்டியை வைக்கவே கூடாது. ஓலையும் சிரட்டையும் எரியும் தீயை நினைத்தபடி குறைக்க முடியாது. சிரட்டைத் தீயின் சூடு மிகக் கடுமையானது. விறகு அடுப்புக்கு மண்சட்டியும் இரும்புச் சட்டியுமே ஏற்றவை.

பூச்சு வயிற்றுக்குள் போனால்?

உரிந்த பூச்சின் சிறு துணுக்கு உணவோடு போய்விட்டால் பலரும் பயப்படுகிறார்கள். அந்தத் துணுக்கு வயிற்றில் கரையாது. வந்தபடியே மலத்தோடு வெளியேறிவிடும். அதற்காக உரிந்த சட்டியில் தொடர்ந்து சமைக்கலாம் என்று பொருள் இல்லை.

இன்னொரு பயமும் உண்டு. அது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கிலிருந்து வந்தது. அங்கே மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு அருகே டூபாண்ட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. பூச்சுப் பொருளைத் தயாரிக்க அங்கே ஒரு வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதன் சுருக்கப் பெயர் பி.எஃப்.ஓ.ஏ. அது ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பொருளுக்கும் சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் முதலிய ஆறு நோய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-இல் அறிவியலாளர் குழு முடிவு சொன்னது. 2019-இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, விலக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2023-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

அந்த ஊர் மக்களுக்குக் கேடு வந்தது குடிநீரால். சமைத்த சட்டியால் அல்ல. ஆனாலும் அட்டையில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று போட்டிருக்கும் சட்டியையே வாங்குவது நல்லது. ஆனால் அதைப் படித்துவிட்டு, "இனி எவ்வளவு சூடும் வைக்கலாம்" என்று நினைக்கக் கூடாது. அந்த வேதிப்பொருள் இல்லாத சட்டியிலும் பூச்சு அதே பூச்சுதான். சூட்டுக்கான எச்சரிக்கை மாறாது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடையில் சட்டியைக் கையில் எடுத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

"அண்ணாச்சி, அந்தச் சட்டியைக் கொஞ்சம் எடுங்க. கையில பார்க்கணும்."

"பாருங்க அக்கா. நல்ல கனமுள்ள சட்டி."

"அட்டையும் தாங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்க்கிறேன்."

இப்படிக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை இவை.

கனம்: அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. மெல்லிய சட்டி சூட்டில் வளைந்துவிடும். ஓரிடத்தில் கருகும், ஓரிடத்தில் வேகாது.

சமம்: தட்டையான அடியுள்ள சட்டியை மேசைமேல் வைத்து ஓரத்தில் அழுத்துங்கள். ஆடக் கூடாது.

பூச்சு: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கொப்புளம், கீறல், விட்டுப்போன இடம் எதுவும் இருக்கக் கூடாது.

கைப்பிடி: பிடித்து அசைத்துப் பாருங்கள். திருகாணி இறுக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடி ஆடினால் சூடான எண்ணெய் மேலே கொட்டும்.

மின்காந்த அடுப்பு: வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். சட்டியின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் சட்டி சூடாகாது.

முத்திரை: எஃகு, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024-இல் மத்திய அரசு ஆணையிட்டது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

'கிரானைட் சட்டி', 'கல் பூச்சு' என்றும் சில சட்டிகளை விற்கிறார்கள். பெயரைப் பார்த்து அது கல்லால் ஆனது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது புள்ளி போட்ட பூச்சுதான். 'செராமிக்' பூச்சு என்பது வேறு வகை. அதில் டெஃப்லான் இல்லை. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத தன்மை அதில் சீக்கிரம் குறைந்துவிடும்.

விலையும் தவணையும்

குறைந்த விலை எப்போதும் லாபம் அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டியின் விலை 400 ரூபாய். அது ஓராண்டு உழைக்கிறது. ஆண்டுக்குச் செலவு 400 ரூபாய். இன்னொரு சட்டியின் விலை 1,000 ரூபாய். அது 4 ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்குச் செலவு 250 ரூபாய். எது மலிவு?

வீடு தேடி வந்து தவணைக்குப் பாத்திரம் விற்பவர்களும் உண்டு. "வாரம் 60 ரூபாய்தானே" என்பார்கள். எத்தனை வாரம் என்று கேளுங்கள். 20 வாரம் என்றால் மொத்தம் 1,200 ரூபாய். அதே சட்டி கடையில் 900 ரூபாய்க்குக் கிடைத்தால் 300 ரூபாய் அதிகம். அவசரம் இல்லாத பொருளுக்கு அந்த 300 ரூபாய் எதற்கு? வாரம் 60 ரூபாயை உண்டியலில் போட்டால் 15 வாரத்தில் 900 ரூபாய் சேர்ந்துவிடும்.

அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். உத்தரவாத அட்டை இருந்தால் அதில் கடை முத்திரையும் வாங்கிய தேதியும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ரசீதையும் அட்டையையும் ரேஷன் அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.

சட்டி மோசமாகிவிட்டால்

சரியாகப் பயன்படுத்தியும் பூச்சு சில வாரங்களில் உரிந்தால் முதலில் கடைக்காரரிடம் ரசீதோடு போங்கள். அவர் மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வீடு திருப்புறத்தில், கேரளத்தில் இருக்கிறது. சட்டி வாங்கியது களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ, தமிழ்நாட்டில். புகாரை எங்கே கொடுப்பது? நாகர்கோவிலுக்கு அலைய வேண்டுமா? வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருப்புறத்துக்காரர் திருவனந்தபுரத்திலேயே கொடுக்கலாம். ஆனால் ரசீது இல்லாவிட்டால் வாங்கியதை மெய்ப்பிப்பது கடினம்.

பேணும் முறை

புதுச் சட்டியை இளஞ்சூடான நீரில் சிறிது சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடையுங்கள். சில துளி எண்ணெயைத் துணியால் தடவுங்கள். பிறகு சமைக்கலாம்.

தீ எப்போதும் சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருக்கட்டும். முதலில் எண்ணெய் அல்லது மாவு, பிறகு தீ. வெறும் சட்டி அடுப்பில் காயக் கூடாது.

இரும்புக் கரண்டியும் எஃகுத் தோசைத் திருப்பியும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் சிரட்டைத் தவிக்குப் பஞ்சம் இல்லை. மர அகப்பையும் கிடைக்கும். பாட்டிகள் வைத்திருந்த அந்தத் தவிதான் இந்தப் புதுச் சட்டிக்குச் சரியான துணை. சட்டிக்குள் வைத்துக் கத்தியால் எதையும் வெட்டக் கூடாது.

சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். அடி வளைந்துவிடும். ஆறிய பிறகு கழுவுங்கள். சாம்பல், மணல், கம்பி நார், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். மெல்லிய துணி அல்லது பஞ்சு போதும். கருகி ஒட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊற வையுங்கள். தானே விட்டுவிடும்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் பழைய துணியை விரியுங்கள். மீந்த குழம்பைச் சட்டியிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

எப்போது விட வேண்டும்?

பூச்சு செதில் செதிலாக உரிந்தால் விட வேண்டும். உள்ளே உலோகம் தெரிந்தால் விட வேண்டும். புளி சேர்ந்த உணவு அந்த அலுமினியத்தை அரிக்கும். நன்றாகப் பேணினால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கலாம். அதற்குமேல் அதை வைத்துக்கொண்டு வருந்த வேண்டாம்.

இரும்புக்குத் தோல் மறுபடி வளரும்

விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் இரும்புத் தோசைக்கல்லையும் ஒட்டாததாக ஆக்கலாம்.

கல்லைத் துரு போகத் தேய்த்துக் கழுவுங்கள். கஞ்சித் தண்ணீரில் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி மூன்று நாள் ஊறட்டும். பிறகு கழுவி அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். மிக மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். எண்ணெய் இரும்பின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கிக் காய்ந்து, கடினமான கறுப்புத் தோலாக மாறும். தோசை சுடுமுன் பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் வளர்ந்துகொண்டே போகும்.

இரண்டு சட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கடையில் வாங்கிய பூச்சு போனால் போனதுதான். இரும்பின் தோல் போனால் மறுபடி வளர்க்கலாம். ஒரு கல் மூன்று தலைமுறைக்கும் வரும். இரும்பில் சமைத்தால் சிறிது இரும்புச் சத்தும் உணவில் சேரும். ஆனால் புளியிட்ட மீன் குழம்பை இரும்பில் வைக்கக் கூடாது. அதற்கு மண்சட்டி இருக்கிறது.

ஒட்டாத சட்டி நல்லதுதான். முட்டைக்கும் தோசைக்கும் அது உதவும். எல்லாச் சமையலுக்கும் அது வேண்டியதில்லை.

நினைவில் வையுங்கள்

1. சிறு தீ. வெறும் சட்டி காயக் கூடாது.
2. சிரட்டைத் தவி, மர அகப்பை, மெல்லிய துணி.
3. விறகு அடுப்பில் வைக்கக் கூடாது.
4. அட்டையைப் படித்து வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
5. பூச்சு உரிந்தால் விட்டுவிடுங்கள்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள சட்டிகள் எவை? எதற்கு எது ஏற்றது?
2. ஒரு சட்டியின் ரொக்க விலை 750 ரூபாய். தவணையில் வாரம் 50 ரூபாய் வீதம் 20 வாரம். எவ்வளவு அதிகம்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பாத்திரத்தின் அட்டையை எடுத்துப் படியுங்கள். அதில் விலை, முத்திரை, உத்தரவாதம் ஆகியவை எங்கே இருக்கின்றன?